பாடுகிறவளை விடுங்கள், கேட்கிறவர்களைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இசைப்படங்களைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களையே கேட்டுவருகிறேன். ஒன்று, ‘அவையெல்லாம் சிப்பாய்க்கும் குடிமக்களுக்கும் தெம்பூட்ட எடுக்கப்பட்ட பிரச்சாரக் குப்பைகள், தீவிர வாசகன் அவற்றுக்காக நேரம் செலவிட வேண்டியதில்லை’ என்பது. மற்றது, ‘பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்புறம் எதற்கு அரசியல்?’ என்பது. முதல் தரப்பினர் பெரும்பாலும் அப்படங்களைப் பார்த்ததில்லை. இரண்டாம் தரப்பினர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இவ்விரு தரப்புக்கும் எதிராகவே இதை எழுதுகிறேன்.

என் பலவீனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. 1942இல் வந்த ‘டி க்ரோஸ லீப’ (‘மகத்தான காதல்’) என்ற ஜெர்மானியப் படத்தில் ஸாரா லியாண்டர் பாடும் பாடல்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்குரலோ என்று மயங்கவைக்கும் அடித்தொண்டைக் குரல் அவருடையது. எனக்கு ஜெர்மன் தெரியாது. பொருள் தெரியாமல் கேட்டபோதே அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. பொருள் தெரிந்த பிறகும், அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பது தெரிந்த பிறகும் பிடி தளரவில்லை. ஆகவே ‘குப்பை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. குப்பை இப்படித் தொண்டையை அடைக்கச் செய்யாது. கலை என்றே சொல்கிறேன். அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

அந்தப் படத்தின் கதை எளிது. பவுல் வெண்ட்லாண்ட் ஒரு போர் விமானி. ஹன்னா ஹோல்பெர்க் புகழ்பெற்ற மேடைப் பாடகி. ஓர் இரவு பழகுகிறார்கள், காதலாகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை இருவரும் நெருங்கும்போதும் தந்தியோ தொலைபேசியோ வந்து அவனைப் போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. திருமணம் தள்ளிப்போகிறது. அவள் கோபிக்கிறாள், பிரிகிறாள், பிறகு காத்திருக்கக் கற்றுக்கொள்கிறாள். படம் சொல்ல வருவது அவ்வளவுதான்: பெண்ணே, காத்திரு. 1942 ஜூன் 12 அன்று பெர்லினில் வெளியான இந்தப் படத்தை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். நாஜி ஆட்சிக்காலத்தின் ஆகப்பெரிய வெற்றிப்படம் இதுவே.

இதில் மேடைப் பேச்சு கிடையாது. யூதர்களைப் பழிக்கும் காட்சி கிடையாது. வெளிப்படையான பிரச்சாரத்தைவிட நல்ல கேளிக்கைதான் போருக்கு உதவும் என்பதைக் கோயபல்ஸ் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஆகவே பிரச்சாரத்தை வசனத்தில் தேடுகிற நம் முதல் தரப்பு நண்பர், இந்தப் படத்திலிருந்து கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் திரும்புவார். இரண்டாம் தரப்பு நண்பருக்கோ இதுவே வெற்றிக் களிப்பு: ‘பார்த்தீர்களா, வெறும் காதல் கதைதானே!’

இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பாடுகிறவளைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். படத்துக்குள் அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள்.

போர்க்கால இசைப்படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சாதாரண இசைப்படத்தில் காதலர்கள் பூங்காவில் பாடுவார்கள், தெருவில் ஆடுவார்கள். கேட்பவர் என்று படத்துக்குள் யாரும் தேவையில்லை. போர்க்கால இசைப்படமோ மீண்டும் மீண்டும் ஓர் அரங்கத்துக்குத் திரும்புகிறது. ராணுவ முகாம், மருத்துவமனை, தொழிற்சாலை உணவுக்கூடம், வானொலி நிலைய அரங்கு. பாட்டின் நடுவே காமிரா பாடகரை விட்டு விலகிக் கேட்பவர்களின் முகங்கள்மீது மெல்ல நகர்கிறது. திரையரங்கில் இருக்கிற பார்வையாளருக்கு, திரைக்குள் இருக்கிற பார்வையாளரைக் காட்டி, ‘இதோ, இதுதான் நீ, இதுதான் நம் நாடு’ என்று சொல்லும் ஏற்பாடு இது. இப்படங்களின் கதாநாயகன் அந்த அரங்குதான். அதில் இடம் பெற்றவர் தேசத்தில் இருக்கிறார். இடம் பெறாதவர் இல்லை. இப்படங்களின் அரசியலைப் பாடல் வரிகளில் தேடுவது வீண்வேலை. இருக்கைகளில் தேடுங்கள்.

‘மகத்தான காத’லில் ஹன்னா பாரிஸுக்குச் சென்று ஜெர்மானியச் சிப்பாய்களுக்காகப் பாடுகிறாள். எத்தனை இடி விழுந்தாலும் உலகம் ஒன்றும் முடிந்துபோகாது என்ற கருத்துள்ள துள்ளல் பாட்டு. அரங்கு முழுக்கச் சீருடை. காயம்பட்டவர்களும் இருக்கிறார்கள், கட்டுகள் வெள்ளைவெளேரென்று சுத்தமாக இருக்கின்றன. அவர்கள் கைகோத்துக்கொண்டு இடமும் வலமும் அசைந்து கூடவே பாடுகிறார்கள். அற்புதமாக எடுக்கப்பட்ட காட்சி, மறுக்கவே முடியாது. நடப்பது பாரிஸ் நகரம். ஆனால் பாரிஸின் மக்கள் அந்த அரங்கில் இல்லை.

படம் வெளியாகி ஐந்தே வாரங்களில், 1942 ஜூலை 16, 17 தேதிகளில், அதே பாரிஸில் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான யூதர்களைப் பிரெஞ்சுப் போலீஸார் ஜெர்மானியருக்காகப் பிடித்தார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பம் குடும்பமாகப் பிடிபட்டவர்களை அடைத்துவைத்த இடம் ‘வெல்த்திவ்’ என்று அழைக்கப்பட்ட உள்ளரங்கச் சைக்கிள் பந்தய மைதானம். அதாவது பல்லாயிரம் பார்வையாளர்கள் உட்கார்ந்து கைதட்டுவதற்காகக் கட்டப்பட்ட அரங்கம். குடிநீரும் கழிப்பிட வசதியும் போதாமல் அந்த இருக்கைகளில் நாட்கணக்கில் கிடந்தவர்கள் பிறகு இடைமுகாம்கள் வழியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே நகரம், ஒரே கோடை. ஓர் அரங்கம் படத்தில் இருக்கிறது, மற்றொன்று இல்லை. இதை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் பாட்டு கெட்டுப்போய்விடுகிறதா என்றால், இல்லை. அதுதான் பயங்கரம். பாட்டு முன்போலவே நன்றாக இருக்கிறது.

அந்தப் பாடல்களை எழுதிய ப்ரூனோ பால்ஸின் கதையும் இங்கே சேர்த்துப் பார்க்கத்தக்கது. தன்பாலின விருப்பம் கொண்டவர் என்ற காரணத்துக்காகக் கெஸ்டபோவினரால் கைது செய்யப்பட்டவர் அவர். இவர் இல்லாமல் பாட்டு வராது என்று இசையமைப்பாளர் மிகேல் யாரி மன்றாடியதால் விடுதலையானார் என்று சொல்வார்கள். அற்புதம் ஒன்று நடக்கத்தான் போகிறது என்று நம்பிக்கை சொல்லும் அந்தப் படத்தின் இன்னொரு பாடலை, விமானிக்காகக் காத்திருக்கும் காதலியின் பாட்டாகக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். எழுதியவர் எந்த அற்புதத்தை மனத்தில் வைத்து எழுதினாரோ! அரங்கில் தனக்கு இடமில்லாத ஒருவர் அரங்கத்துக்காக எழுதிய பாட்டு அது. கலைக்குள் இப்படியொரு கள்ளக்கதவு எப்போதும் இருக்கும். ஆனால் அந்தக் கதவைக் காட்டி அரங்கத்தை மன்னித்துவிடலாம் என்று யாராவது வாதிட்டால் நான் சண்டைக்கு வருவேன்.

‘சரி, அது நாஜிப் படம். நேச நாடுகளின் படங்கள் அப்படியல்லவே’ என்ற பதில் வரும். எனக்கு எரிச்சலூட்டும் பதில் இதுதான். நாஜிகளை ஒரு தனித்த பூதமாக்கி ஒதுக்கிவிட்டால் மற்ற எல்லோருடைய பாட்டும் சுத்தமாகிவிடும் என்ற சௌகரியம் அதில் இருக்கிறது. நாஜிகளின் குற்றமும் மற்றவர்களின் குற்றமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை என்று நான் சொல்லவில்லை. நிச்சயமாக இல்லை. ஆனால் அரங்கை நிரப்பும் முறை ஒன்றுதான்.

1943இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கத்தில் வந்த ‘திஸ் இஸ் தி ஆர்மி’ என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். இர்விங் பெர்லினின் பாடல்கள். 1942 ஜூலை 4 அன்று பிராட்வேயில் உண்மையான சிப்பாய்களையே நடிகர்களாகக் கொண்டு அரங்கேறிய நிகழ்ச்சிதான் படமானது. லாபம் ராணுவத்தினரின் குடும்ப நிவாரண நிதிக்குப் போயிற்று. ஜார்ஜ் மர்ஃபியும் ரொனால்ட் ரீகனும் தந்தை மகனாக நடித்தார்கள். தந்தை பின்னாளில் அமெரிக்க செனட்டரானார், மகன் ஜனாதிபதியானார். நம்மூரில் மட்டும்தான் நடிகர்களிடம் நாட்டைக் கொடுக்கிறோம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.

அந்தப் படத்தில் மறக்கமுடியாத காட்சி ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க் காலம். சிப்பாய்கள் நாடக மேடையில் ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸுக்குப் புறப்படும்படி உத்தரவு வந்துவிட்டது. கடைசிப் பாட்டின்போது அவர்கள் மேடையிலிருந்து படிகளில் இறங்கி, இருக்கைகளுக்கு நடுவேயுள்ள பாதை வழியாக அணிவகுத்து, அரங்கத்தின் கதவைத் தாண்டிக் கப்பலை நோக்கி நடந்துபோகிறார்கள். இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு மெல்ல உறைக்கிறது. பெண்கள் இருக்கையைவிட்டு எழுகிறார்கள். எந்தப் போர் எதிர்ப்பு நாவலுக்கும் சமானமாக இந்த ஒரு காட்சியை வைப்பேன். ஆதரவுப் பிரச்சாரம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்ட தருணம் அது. முதல் தரப்பு நண்பர் இதைப் பார்க்காமலேயே போய்விடுகிறார் என்பதுதான் என் வருத்தம்.

இதே படத்தின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவுகள், தனி உணவுக்கூடங்கள். ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை முடித்துவைக்கும் ஆணையை ட்ரூமன் பிறப்பித்ததே 1948 ஜூலையில்தான். இந்நிலையில் பெர்லின் பிடிவாதமாக நின்று தன் நாடகக் குழுவில் கறுப்பினச் சிப்பாய்களையும் சேர்த்துக்கொண்டார். இரு இனத்தவரும் ஒன்றாக இருந்த ஒரே ராணுவப் பிரிவு அன்று அதுதான் என்கிறார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் திரையில் நடப்பது என்ன? அவர்களுக்கு ஹார்லெமைப் பற்றிய ஒரு தனிப் பாட்டு. உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸும் அதில் வருகிறார். அந்தப் பாட்டு முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். இன்னொரு பாட்டில் வெள்ளைச் சிப்பாய்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர் வேஷத்தில் ஆடுகிறார்கள். கறுப்பர்கள் அருகிலேயே இருக்கும்போது கறுப்பர் வேஷம்! வேஷத்துக்கு மேடையில் இடமுண்டு. மனிதனுக்கு மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்க இடமில்லை.

இது ஏதோ ஒரு படத்தின் கவனக்குறைவு அல்ல. ஒரு தொழில்முறையே இருந்தது. எம்.ஜி.எம். நிறுவனம் ஒப்பந்தம் செய்திருந்த லீனா ஹார்ன் அக்காலத்தின் மிகச் சிறந்த பாடகிகளில் ஒருவர், கறுப்பினத்தவர். 1943இல் வந்த ‘தௌஸண்ட்ஸ் சியர்’ என்ற ராணுவ முகாம் இசைப்படத்தில் அவர் ஒரு பாட்டுப் பாடுகிறார். கதைக்கும் அவருக்கும் ஒட்டுறவு கிடையாது. வருகிறார், பாடுகிறார், மறைகிறார். அவர் வந்துபோகும் காட்சிகள் பல படங்களில் அப்படித்தான் அமைந்தன. காரணம் எளிது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பாடகியைத் திரையில் பார்க்க விரும்பாதவர்களுக்காக, கதை கெடாமல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம். கத்தரிக்கு வசதியாக எழுதப்பட்ட திரைக்கதை. நாடே ஒன்றாக நின்று பாடுகிறது என்று காட்ட எடுத்த படத்தில், நாட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப் புள்ளிபோட்டு வைத்திருந்தார்கள். அந்த 1943ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் டெட்ராய்ட் நகரில் இனக்கலவரம் மூண்டு 34 பேர் செத்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பர்கள்.

சோவியத் படங்களுக்கு வருகிறேன். இடதுசாரி நண்பர்கள் முகம் மலர்வது தெரிகிறது. அவசரப்பட வேண்டாம்.

இவான் பிரியெவ் இயக்கிய ‘போர் முடிந்த பின் மாலை ஆறு மணி’ 1944 நவம்பரில் வெளிவந்தது. போர் முடிய இன்னும் அரை வருஷம் இருந்தது. வசனங்கள் செய்யுள் நடையில் அமைந்தவை. எழுதியவர் விக்டர் குஸெவ், படம் வெளிவருமுன்பே அந்த ஆண்டு ஜனவரியில் காலமானார். பீரங்கிப் படை அதிகாரி ஒருவனும் குழந்தைகள் காப்பகத்தில் வேலைபார்க்கும் வார்யா என்ற பெண்ணும், போர் முடிந்த பின் மாலை ஆறு மணிக்கு மாஸ்கோவின் பாலத்தில் சந்திப்பதாக உறுதி செய்துகொள்கிறார்கள். அவன் ஒரு காலை இழக்கிறான். தான் செத்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிடும்படி நண்பனைக் கேட்டுக்கொள்கிறான். அவள் நம்ப மறுக்கிறாள். வாணவேடிக்கைகளுக்கு நடுவே பாலத்தில் சந்திப்பு நிகழ்கிறது.

இதற்குள் ஒளிந்திருக்கும் இலக்கியக் குறும்பு நம் வாசகர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். ‘போர் முடிந்த பின் மாலை ஆறு மணி’ என்பது ஹாஷெக்கின் ‘நல்ல சிப்பாய் ஸ்வெய்க்’ நாவலிலிருந்து வந்த சந்திப்பு. ஸ்வெய்க்கும் வொதிச்காவும் பிரியும்போது ப்ராக் நகரத்து மதுக்கடை ஒன்றில் சந்திப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஆறா ஆறரையா என்று தூரத்திலிருந்து கத்தி பேரம் பேசுகிறார்கள். போரையும் அதிகாரத்தையும் அதைவிடக் குரூரமாக நையாண்டி செய்த நாவல் உலகில் குறைவு. ஹாஷெக் 1923இல் நாவலை முடிக்காமலே இறந்துபோனதால் அந்தச் சந்திப்பு நடக்கவேயில்லை. நாவலில் நடக்காத சந்திப்பை ஸ்டாலின் காலத்துப் படம் நடத்திக்காட்டியது.

காலிழந்தவனைக் கதாநாயகனாக்கி அவனுக்கு மணமகளையும் கொடுத்த துணிவு எனக்குப் பிடிக்கிறது. பாரிஸ் அரங்கத்தின் வெள்ளைக் கட்டுகளோடு ஒப்பிட்டால் இது வேறொரு உயரம். ஆனால் பாலத்தின்மேல் அந்த வெளிச்சத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள், எல்லோரும் திரும்பி வந்தவர்கள். இரண்டு கோடியே எழுபது லட்சம் பேரை இழந்த தேசத்தின் படம் அது. காலிழந்த உண்மையான சிப்பாய்கள் போருக்குப் பின் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் அக்கார்டியன் வாசித்துப் பிச்சையெடுத்தார்கள். 1951இல் பிச்சையெடுப்போரை நகரங்களிலிருந்து அகற்றும் ஆணை வந்தது. பாலத்தில் இடம் கொடுத்த அதே கை தெருவில் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது.

இந்தவகைப் படங்களில் நான் உயர்வாக மதிப்பது ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ், ஸ்டூவர்ட் மக்காலிஸ்டருடன் சேர்ந்து 1942இல் எடுத்த ‘லிஸன் டு ப்ரிட்டன்’. இருபது நிமிஷப் படம். கதை கிடையாது, வர்ணனைக் குரல் கிடையாது. நாடு முழுவதும் ஒரு நாளில் கேட்கும் ஒலிகளும் பாட்டுகளும்தான். இது இசைப்படமா என்று கேட்கலாம். இதைவிட இசைப்படம் வேறு எது என்று திருப்பிக் கேட்பேன். அரசாங்கப் படப்பிரிவின் தயாரிப்பு, ஆகவே பிரச்சாரம்தான், சந்தேகமில்லை. ஜென்னிங்ஸ் கவிஞர், ஓவியர். அது ஒவ்வொரு வெட்டிலும் தெரியும். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் ஃப்ளானகன், ஆலன் என்ற இரு கோமாளிப் பாடகர்கள் பாடுகிறார்கள். தொழிலாளர்கள் சாப்பிட்டுக்கொண்டே விசிலடிக்கிறார்கள். அந்தப் பாட்டு முடியும் இடத்தில் அப்படியே லண்டன் நேஷனல் காலரிக்குத் தாவுகிறது படம். மைரா ஹெஸ் பியானோ வாசிக்கிறார். வாசிப்பது மொஸார்ட், எதிரியின் மொழி பேசியவர். சுவர்களில் காலிச் சட்டங்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து ஓவியங்களை வேல்ஸ் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். கேட்பவர்களில் மகாராணி இருக்கிறார், சீருடைச் சிப்பாய் இருக்கிறார், படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்னும் பெண்கள் இருக்கிறார்கள். யாரும் கைகோத்து அசையவில்லை. அவரவர் முகத்தில் அவரவர் யோசனை. அரங்கத்தை ஒரே உடலாக மாற்றாமல் தனித்தனி ஆட்களாக விட்டுவைத்த படம் என்பதால்தான் இதை நான் உயர்த்திப் பேசுகிறேன்.

அந்த அரங்கத்திலும் ஓர் இந்திய முகத்தை நான் காணவில்லை. போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். பிரிட்டனின் போர் என்று சொல்லப்பட்டதில் இவ்வளவு பேர். 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்து இருபது, முப்பது லட்சம் பேர் மடிந்தார்கள். பிரிட்டனைக் கேளுங்கள் என்ற படத்தில் இந்த ஒலிகள் கேட்காது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் படங்களையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் பிரிட்டன்தான் நம்மையும் பாடவைத்தது. போரினால் படச்சுருள் தட்டுப்பாடு வந்தபோது அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும், படச்சுருள் வேண்டுமானால் போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுத்துத் தரவேண்டும் என்ற நெருக்கடியும் தயாரிப்பாளர்களுக்கு ஏற்பட்டன. அப்படித்தான் 1945இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தின் ‘பர்மா ராணி’யும், ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘கண்ணம்மா என் காதலி’யும், கே.சுப்ரமண்யத்தின் ‘மானசம்ரட்சண’மும் வந்தன. சுப்ரமண்யம் யார்? 1939இல் ‘தியாகபூமி’ எடுத்தவர்; அந்தப் படத்தைத் தடைசெய்தது இதே ஆங்கில அரசு. ஐந்தாறு வருஷங்களில் அந்த அரசுக்காகவே அவர் படமெடுக்க வேண்டியிருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஸ்டூடியோவை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ.

ஆனால் தமிழ்ப் படங்களின் விசித்திரம் திரைக்கு வெளியே இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்தார்கள். வழியில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். உயிர் தப்பியவர்களில் தமிழர்கள் ஏராளம். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களும் கணக்கற்றவர்கள். ஆக, ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவை வைத்துப் பாட்டோடு கதை சொன்ன படம் 1945இல் நம் ஊர்களில் ஓடியபோது, தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் அந்தக் காட்டுப்பாதையை நடந்து வந்த ஒருவர் இருந்திருக்கக்கூடும். பெஞ்சு டிக்கெட்டில், மகன் எந்தப் படையில் இருக்கிறான் என்றே தெரியாத ஒரு தகப்பன் இருந்திருக்கக்கூடும். திரையைவிட இருக்கைக்கு அதிகம் தெரிந்திருந்த அரங்கம் அது. அவர்கள் அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதிவைக்கும் ஒரு நாவல் நம்மிடம் இருந்திருக்க வேண்டும். பர்மா நடையைப் பற்றியும் சயாம் ரயிலைப் பற்றியும் நாவல்கள் உண்டு. அந்தத் தியேட்டரைப் பற்றி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒரு நியாயமான கேள்வி எஞ்சுகிறது. தலைக்கு மேல் குண்டு விழும்போது மனிதர்கள் பாட வேண்டாமா? சிப்பாய்க்கு ஒரு மாலை நேரச் சந்தோஷம் கூடாதா? இருபது வயதுப் பையன் நாளைக்குச் சாகப்போகிறான், அவனிடம் போய் அரங்கத்தில் யார் இல்லை என்று கணக்கெடுக்கச் சொல்வீர்களா? சொல்லமாட்டேன். அவன் பாடட்டும். அவனைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. என் புகாரெல்லாம் எண்பது வருஷங்களுக்குப் பிறகு, தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற, சாய்ந்து உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ‘என்ன ஒரு பொற்காலம்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள்மீதுதான். அந்தப் பையனுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது. அப்படியே ‘எல்லாம் குப்பை’ என்று ஒதுக்குகிறவரும், கைதட்டிக்கொண்டிருக்கும் அரங்கத்தை விட்டு மேடைச் சிப்பாய்கள் போருக்கு நடந்துபோகும் அந்தக் காட்சியை இழக்கிறார். இருவருமே முழுப் படத்தையும் பார்ப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்றால், லீனா ஹார்னின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லவேண்டும். ராணுவ முகாம் ஒன்றில் சிப்பாய்களுக்குப் பாட அவரை அழைத்துப்போயிருந்தார்கள். மேடைக்கு வந்து பார்க்கிறார். முன்வரிசைகளில் வெள்ளையர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று விசாரித்தால், சிறைப்பிடித்து வைத்திருக்கும் ஜெர்மானியப் போர்க்கைதிகள் என்று பதில். அமெரிக்கச் சீருடை அணிந்த கறுப்பினச் சிப்பாய்களை அவர்களுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். ஹார்ன் மேடையைவிட்டு இறங்கினார். கைதிகளின் வரிசைகளைத் தாண்டிப் பின்னால் நடந்துபோய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கறுப்பினச் சிப்பாய்களைப் பார்த்துப் பாடினார். அதன்பின் ராணுவக் கேளிக்கை ஏற்பாட்டாளர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. முகாம்களுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை, சொந்தச் செலவில் போனார்.